இலைக்குள்ளே ஒரு ஆன்டெனா!

அட்மிஷன் சீசனில் ஒரு டயலாக் தவறாமல் காதில் விழும். 'மெடிக்கல் கிடைக்கலையா? சரி விடு, பாட்டனியாவது எடுத்துக்கோ!' அந்த 'யாவது' இருக்கிறதே, அதுதான் வலிக்கும். தாவரவியல் என்றால் இலையைப் பறித்து ஹெர்பேரியம் ஷீட்டில் ஒட்டுவது, தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பென்சிலில் வரைவது, வைவாவில் திருதிருவென்று முழிப்பது... இவ்வளவுதான் என்று நம்மில் பல பேருக்கு ஒரு நினைப்பு.

அப்படி நினைப்பவரா நீங்கள்? ஒரு நிமிடம் இந்த மெனுவைப் பாருங்கள். வருடம் 2016. ஸ்வீடன் நாட்டின் வடக்கே உமியோ நகரம். ஒரு பேராசிரியரும் ஒரு ரேடியோ நிருபரும் சாப்பிட உட்காருகிறார்கள். பாஸ்தா, கூடவே வதக்கிய முட்டைக்கோஸ். பார்க்க, ருசிக்க எல்லாம் சாதாரண கோஸ்தான். ஆனால் அதன் செல்களில் ஒரே ஒரு மரபணு மட்டும் மிஸ்ஸிங்! 'கிரிஸ்பர்' என்ற புதிய கத்தரிக்கோலால் திருத்திய செடியைத் தோட்டத்தில் வளர்த்து, பறித்து, சமைத்துச் சாப்பிட்டது உலகத்திலேயே அதுதான் முதல்முறையாக இருக்கும் என்றது உமியோ பல்கலைக்கழகம்.

எந்த மரபணுவை எடுத்தார்கள்? ஏன் குறிப்பாக அதை? பதில் தெரியவேண்டுமென்றால் இலைக்குள்ளே கொஞ்ச தூரம் போகவேண்டும். வர்றீங்களா?

பச்சையம் தனி ஆள் இல்லை

'இலையில் பச்சையம் இருக்கிறது. அது சூரிய ஒளியை வாங்கி உணவு தயாரிக்கிறது.' ஆறாம் வகுப்பிலிருந்து நாம் ஒப்பித்து வரும் வசனம். தப்பில்லை. ஆனால் பாதிக் கதைதான்.

கீரையை அரைத்து, அதிலுள்ள பச்சையத்தை மட்டும் ஸ்பிரிட்டில் பிரித்தெடுத்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் வெயிலில் வையுங்கள். வெளிச்சத்தை அது நன்றாகவே விழுங்கும். ஆனால் ஒரு துளி சர்க்கரை கூட வராது. விழுங்கியதைச் சிவப்பு ஒளியாகவும் வெப்பமாகவும் அப்படியே திருப்பித் தந்துவிடும். கையில் சம்பளம் வந்த அன்றே காலி செய்கிற ஆசாமி மாதிரி! வாங்கிய ஆற்றலை யாரிடம் கொடுப்பது என்று தனியாக இருக்கும் பச்சையத்துக்குத் தெரியாது. அதைச் சரியான இடத்தில், சரியான கோணத்தில் பிடித்து நிறுத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் புரதம்.

இந்தக் கதையின் முதல் துப்பு கிடைத்ததே ஒரு கல்லூரிக் கூத்துதான். அமெரிக்காவின் கால்டெக் கல்லூரியில் வில்லியம் அர்னால்டு என்று ஒரு மாணவர். இயற்பியல் பக்கம் மனசு. பட்டம் வாங்க ஒரு உயிரியல் பாடமும் படித்தாகவேண்டும் என்ற கட்டாயத்தில் ராபர்ட் எமர்சன் என்ற ஆசிரியரின் தாவர உடலியங்கியல் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து குளோரெல்லா என்ற பாசியின் மேல் மின்னல் மாதிரி பளிச் பளிச்சென்று விளக்கடித்து, ஒவ்வொரு பளிச்சுக்கும் எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளந்தார்கள். 1932-ல் வெளியான முடிவு எல்லோரையும் குழப்பியது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வர சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகள் தேவைப்பட்டன!

இத்தனை பேர் எதற்கு? நாலு வருடம் கழித்து விளக்கம் வந்தது. நூற்றுக்கணக்கான பச்சையங்கள் ஒளியைப் பிடிப்பதோடு சரி. பிடித்த ஆற்றலை நடுவில் இருக்கும் ஒரு மையத்துக்குக் கடத்திவிடுகின்றன. உண்மையான வேதியியல் வேலை அந்த மையத்தில்தான் நடக்கிறது. சுற்றி இருப்பவை எல்லாம் ஆன்டெனா.

வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளில் பார்த்திருப்பீர்கள். சித்தாள்கள் கீழிருந்து மாடி வரை வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். நடுவில் ஒரு ஆள் ரெண்டடி தள்ளி நின்றாலும் சட்டி கீழே விழும். இலைக்குள்ளும் அதே கதைதான். ஒரு பச்சையத்திலிருந்து அடுத்ததுக்கு என்று ஆற்றல் கைமாறி மையத்துக்குப் போய்ச் சேருகிறது. என்ன, ஒரு விநாடியை நூறு கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்குள் மொத்த வேலையும் முடிந்துவிடுகிறது!

அந்த வரிசையைக் கலையாமல் நிற்கவைக்கும் மேஸ்திரிகளை 'ஒளி அறுவடைப் புரதங்கள்' என்கிறார்கள். இவற்றில் பெரிய தலை எல்.எச்.சி.-2. தாவரத்தின் மொத்தப் பச்சையத்தில் ஏறத்தாழ பாதி இதன் கையில்தான். பூமியில் மிக அதிகமாக இருக்கும் சவ்வுப் புரதம் என்ற பெயரும் இதற்கு உண்டு. 2004-ல் சீன விஞ்ஞானிகள் பசலைக் கீரையிலிருந்து இதைப் பிரித்து, படிகமாக்கி, எக்ஸ்-ரே மூலம் அணு அணுவாகப் படம் பிடித்தார்கள். ஒரு புரதத்துக்குள் 14 பச்சையங்கள், 4 கரோட்டினாய்டுகள். இப்படி மூன்று புரதங்கள் கைகோத்து ஒரு செட். ஒரு செட்டுக்கு 42 பச்சையம்!

வேலை உள்ளே, ஆர்டர் வெளியே

இப்போது மரபணுவுக்கு வருவோம். ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம் பசுங்கணிகம். அதற்கென்று சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது தனியாகத் திரிந்த ஒரு பாக்டீரியா என்பதால் வந்த பூர்வீகச் சொத்து அது. நடுவில் இருக்கும் மையத்துக்கான முக்கியப் புரதங்களை அந்தச் சொந்த டி.என்.ஏ.விலிருந்தே அது தயாரித்துக்கொள்கிறது.

ஆனால் ஆன்டெனாப் புரதங்களுக்கான மரபணுக்கள் அங்கே இல்லை. அவை செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அதாவது வேலை நடக்கும் இடம் ஃபேக்டரி, ப்ளூபிரிண்ட் இருப்பது ஹெட் ஆபீஸில். உட்கருவில் நகல் எடுத்து, செல்லின் நடுவே புரதமாகத் தயாரித்து, பசுங்கணிகத்துக்குப் பார்சல் அனுப்பவேண்டும். பார்சலின் முனையில் 'டு அட்ரஸ்' போல ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கும். பசுங்கணிகத்தின் வாசலில் அட்ரஸைப் பார்த்து உள்ளே விடுவார்கள். உள்ளே போனதும் அந்தத் துண்டைக் கத்தரித்து எறிந்துவிடுவார்கள். பிறகு இன்னொரு டீம் புரதத்தைப் பத்திரமாகக் கூட்டிப்போய்ச் சவ்வில் பதிக்கும். தண்ணீரைக் கண்டால் சுருண்டுகொள்ளும் புரதம் என்பதால் வழித்துணை இல்லாமல் அனுப்பமுடியாது!

இத்தனை சிரமம் எதற்கு என்கிறீர்களா? கன்ட்ரோல் வேண்டுமே! எவ்வளவு ஆன்டெனா வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஹெட் ஆபீஸிடம் இருக்கிறது. நிழலில் வளரும் செடி பெரிய ஆன்டெனா கட்டிக்கொள்ளும். வெயிலில் வளரும் செடி சின்னதோடு நிறுத்திக்கொள்ளும். ஆராய்ச்சியாளர்களின் செல்லப் பிள்ளையான அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் இப்படிச் சுமார் 20 ஆன்டெனா மரபணுக்கள் இருக்கின்றன. ஒரே புரதத்துக்கு ஐந்து காப்பி வரை உண்டு. ஏன் இத்தனை? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

விடியும் முன்னே அலாரம்

ஹாஸ்டலில் அலாரத்தை அமுக்கிவிட்டு மறுபடி தூங்குபவர்கள் கவனிக்க. செடிக்குள்ளும் அலாரம் இருக்கிறது. அது அமுக்கினாலும் நிற்காது!

1985-ல் பட்டாணிச் செடியில் ஒரு விஷயம் தெரியவந்தது. ஆன்டெனா மரபணுக்களின் நகல்கள் பகலில் ஏறி இரவில் இறங்குகின்றன. 'வெளிச்சம் வந்ததும் ஏறுது, இதிலென்ன ஆச்சர்யம்?' என்று கேட்கலாம். பகல், இரவு வித்தியாசமே தெரியாதபடி வைத்தாலும் அந்த ஏற்ற இறக்கம் தொடர்ந்தது. செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அந்தக் கடிகாரத்தைக் கேட்டுத்தான் இந்த மரபணுக்கள் ஷட்டரைத் திறக்கின்றன.

சரி, கடிகாரத்தை ஓட்டுவது எந்த மரபணு? ஆயிரக்கணக்கான செடிகளில், மணிக்கு மணி இலையைப் பறித்து அரைத்துப் பார்ப்பது நடக்கிற காரியமா? அமெரிக்காவின் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ மில்லர், ஸ்டீவ் கே குழுவினர் ஒரு அட்டகாசமான ஐடியா பண்ணினார்கள். மின்மினிப்பூச்சியை ஒளிரச்செய்யும் மரபணுவை எடுத்து, ஆன்டெனா மரபணுவின் ஸ்விட்சோடு இணைத்து, செடிக்குள் வைத்துவிட்டார்கள். இனி ஆன்டெனா மரபணுவின் ஸ்விட்ச் ஆன் ஆகும்போதெல்லாம் செடி மெல்ல ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, நுட்பமான கேமராவுக்குத் தெரியும். இலையைப் பறிக்கவே வேண்டாம். செடியே மணி சொல்லும்!

அப்படிப் பார்த்ததில் சில செடிகள் மட்டும் தப்பான நேரத்தில் ஒளிர்ந்தன. 24 மணி நேரத்துக்குப் பதிலாகச் சுமார் 21 மணி நேரத்தில் ஒரு நாளை முடித்துவிட்ட அவசரக்காரச் செடி அதில் பிரபலம். 1995-ல் வெளியான இந்த ஆராய்ச்சிதான் தாவரக் கடிகாரத்தின் உள்ளே எட்டிப்பார்க்கக் கதவைத் திறந்துவிட்டது.

சரியான நேரத்துக்கு எழுந்தால் அப்படி என்ன லாபம்? 2005-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் அதையும் சோதித்தார்கள். உள்கடிகாரமும் வெளியே உள்ள இரவு பகலும் ஒத்துப்போன செடிகளில் பச்சையம் அதிகம், வளர்ச்சி அதிகம், பிழைத்தவையும் அதிகம். ஒத்துப்போகாத செடிகள் பின்தங்கின. அப்பா காலையில் கத்துவதில் விஞ்ஞானம் இருக்கத்தான் செய்கிறது!

வெயில் ஓவராகப் போனால்?

இதுவரை ஒளியைப் பிடிப்பது பற்றிப் பேசினோம். இனிமேல்தான் க்ளைமாக்ஸ். ஒளி அதிகமாகிவிட்டால்?

உச்சி வெயிலில் மேலே இருக்கும் ஒரு இலை, தன்னால் செலவழிக்க முடிந்ததைவிடப் பல மடங்கு ஆற்றலைப் பிடித்துவிடுகிறது. செலவாகாத ஆற்றல் சும்மா இருக்காது. பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனைச் சீண்டிவிட்டு, செல்லையே அரிக்கும் ஆபத்தான ரகமாக மாற்றிவிடும். ஆன்டெனாவே செடிக்கு எமனாகும் நேரம் இது.

அதற்குத்தான் ஒரு சேஃப்டி வால்வு. குக்கரில் பிரஷர் ஏறினால் விசில் அடிக்கிறதே, அது மாதிரி. பசுங்கணிகத்தின் உள்ளறையில் அமிலத்தன்மை ஏறினால், 'போதும்பா, பிரஷர் அதிகம்' என்று உணரும் ஒரு புரதம் இருக்கிறது. பெயர் பி.எஸ்.பி.எஸ். ஆன்டெனாப் புரதங்களின் சொந்தக்காரன். ஆனால் குணம் நேரெதிர். மற்றவை ஆற்றலைச் சேர்க்கும்போது, இது உபரியை வெப்பமாக வெளியேற்ற வழிசெய்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா நியோகி குழுவினர், இந்த வால்வு வேலை செய்யாத அராபிடாப்சிஸ் செடிகளைத் தேடிப்பிடித்து, குற்றவாளி பி.எஸ்.பி.எஸ். மரபணுவில் இருக்கும் கோளாறுதான் என்று 2000-ம் ஆண்டில் நிரூபித்தார்கள்.

இதில் ஒரு புதிர் இருந்தது. வால்வு இல்லாத அந்தச் செடிகள் லேப்பில் ஜம்மென்று வளர்ந்தன. வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் அந்த மரபணு எதற்கு?

லேப்பில் பாஸ், வயலில் ஃபெயில்

இங்கேதான் நம் உமியோ பேராசிரியர் வருகிறார். பெயர் ஸ்டெஃபான் யான்சன். ஆன்டெனா மரபணுக்களின் குலம் கோத்திரம் எல்லாம் பார்த்து, பெயர்ப்பட்டியல் போட்டு வைத்தவர்களில் முக்கியமானவர்.

அவருடைய குழு அந்தச் செடிகளை லேப்பிலிருந்து எடுத்துத் திறந்த வெளியில் நட்டது. மேகம் வரும், போகும். காற்றடிக்கும். இலையின் மேல் நிழல் ஆடும். ஒளி விநாடிக்கு விநாடி மாறும். கடைசியில் ஒவ்வொரு செடியும் எத்தனை விதை தந்தது என்று கணக்கெடுத்தார்கள். ஏனென்றால் செடியின் உலகத்தில் மார்க் ஷீட் என்பது விதைதான். 2002-ல் முடிவு வந்தது. ஒரே சீரான விளக்கொளியில் வளர்ந்தபோது வித்தியாசம் இல்லை. வயலில் வளர்ந்தபோது வால்வு இல்லாத செடிகளின் விதை குறைந்துவிட்டது. லேப்பிலேயே விளக்கை ஏற்றி இறக்கி விளையாட்டுக் காட்டினாலும் அதே கதி!

முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்வி இருக்கிறதே, 'ஏன் இத்தனை ஆன்டெனா மரபணுக்கள்?' அதற்கும் இதே வழியில் பதில் தேடினார்கள். வெவ்வேறு ஆன்டெனாப் புரதங்களைக் குறைத்த பலவகைச் செடிகளை வெவ்வேறு சூழலில் வளர்த்தார்கள். 2004-ல் சொன்ன முடிவு: எந்தப் புரதத்தைக் குறைத்தாலும் ஏதோ ஒரு சூழலிலாவது செடி அடிவாங்குகிறது. ஒன்று வெயிலுக்கு, ஒன்று குளிருக்கு என்று கறாராகப் பிரிக்கமுடியாவிட்டாலும், மாறிக்கொண்டே இருக்கும் உலகத்தைச் சமாளிக்க அத்தனை பேரும் தேவை. டீமில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிளேயரை 'சும்மா இருக்கான்' என்று துரத்திவிடக்கூடாது, பாஸ்!

இப்போது மறுபடியும் அந்தச் சாப்பாட்டு மேஜைக்குப் போகலாம். 2016-ல் அந்த முட்டைக்கோஸிலிருந்து நீக்கப்பட்டிருந்த மரபணு எது தெரியுமா? இதே பி.எஸ்.பி.எஸ்.தான்! 'இல்லாவிட்டால் வயலில் நஷ்டம்' என்று எதைச் சொன்னாரோ, அதையே நீக்கிய கோஸை அவரே வளர்த்துச் சாப்பிட்டார். விளைச்சலைக் கூட்டுவது அங்கே நோக்கமில்லை. வெளி டி.என்.ஏ. எதுவும் இல்லாமல், இருந்த ஒன்றை நீக்கியிருக்கும் செடியை 'மரபணு மாற்றுப் பயிர்' என்று சட்டம் பார்க்கவேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் ஐரோப்பாவில் சூடாக ஓடிக்கொண்டிருந்த நேரம். ஸ்வீடன் அதிகாரிகள் 2015-ல் 'சில வகைகளை அப்படிப் பார்க்கவேண்டியதில்லை' என்று கருத்துச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கருத்தைத்தான் தட்டில் வைத்துக் காட்டினார் யான்சன். 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் எதிர்த் திசையில் தீர்ப்புச் சொன்னது. திருத்திய செடிகளுக்கும் மரபணு மாற்றுப் பயிர்களின் கடுமையான விதிகள் பொருந்தும் என்றது. ஒரு வாய் கோஸுக்குப் பின்னால் இவ்வளவு அரசியல்!

மூன்று மரபணு, ஒரு புகையிலை

'சரி, வால்வை எடுத்தால் நஷ்டம். வால்வை இன்னும் ஸ்பீடாக்கினால்?' இப்படி யோசித்தது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாங் தலைமையிலான குழு. நியோகியும் கூட்டுச் சேர்ந்தார்.

வால்வில் ஒரு குறை இருக்கிறது. வெயில் ஏறியதும் சட்டென்று திறக்கும். ஆனால் மேகம் மறைத்து நிழல் வந்த பிறகும் மூடாமல் சில பல நிமிடங்கள் திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் வரும் கொஞ்ச ஒளியும் வெப்பமாக வீணாகும். மழை நின்ற பிறகும் குடையை மடக்காமல் நடக்கிற மாதிரி! இதனால் வயல் பயிர்களுக்கு 7.5 முதல் 30 சதவீதம் வரை இழப்பு இருக்கலாம் என்று கணக்குகள் சொன்னன. பி.எஸ்.பி.எஸ். உட்பட மூன்று அராபிடாப்சிஸ் மரபணுக்களைப் புகையிலையில் சேர்த்து, வால்வு சீக்கிரம் மூடும்படி செய்தார்கள். 2016-ல் வயலில் கிடைத்த பலன், 14 முதல் 20 சதவீதம் கூடுதல் எடை. 'ஏன் சார் புகையிலை?' என்றால், அதில் மரபணுவைப் புகுத்துவது சுலபம். அவ்வளவுதான்.

அடுத்து சோயா. 2022-ல் அதே குழு வெளியிட்ட முடிவில், விளைச்சல் சராசரியாக 24.5 சதவீதம், சில வகைகளில் 33 சதவீதம் வரை கூடியிருந்தது. உலகப் பத்திரிகைகளில் எல்லாம் தலைப்புச் செய்தி.

இன்னொரு கோஷ்டி வேறு வழியில் போகிறது. 'ஆன்டெனாவையே சின்னதாக்கு' என்கிறார் பெர்க்லியின் அனஸ்டாசியோஸ் மெலிஸ். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவர் சாப்பிடமுடியாத அளவுக்கு வாங்கிக் குவித்து இலையோடு மூடிவிட்டுப் போகிறார். கடைசிப் பந்திக்குப் பாயசம் இல்லை. நெருக்கமாக நட்ட பயிரிலும் அப்படித்தான். மேலிருக்கும் இலைகள் தேவைக்கு மேல் ஒளியை வாங்கி வீணாக்கும். கீழ் இலைகள் இருட்டில் பட்டினி. மேலிருப்பவை கொஞ்சம் வெளிறிப்போனால் மிச்சம் கீழே இறங்குமே! 2017-ல் ஆன்டெனா சுருங்கிய புகையிலையை நெருக்கமாக வளர்த்தபோது சுமார் 25 சதவீதம் கூடுதல் எடை கிடைத்தது.

காட்டில் தனி ஒருவனாகப் போராடும் செடிக்குப் பெரிய ஆன்டெனா நல்லது. பக்கத்துச் செடியின் வெளிச்சத்தையும் பிடுங்கலாமே. வயலில் எல்லோரும் ஒரே அணி. அங்கே அந்தப் போட்டிக் குணமே மொத்த விளைச்சலுக்கு வேட்டு வைக்கிறது!

கொஞ்சம் பொறுங்க!

இதைப் படித்துவிட்டு 'பசிப் பிரச்சினை ஓவர்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். மறுபக்கமும் இருக்கிறது.

அதே மூன்று மரபணுக்களை அராபிடாப்சிஸிலும் உருளைக்கிழங்கிலும் மற்ற ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. சோயாவில் அடுத்த வருடம் புயல்காற்றில் பயிர் சாய்ந்து, இலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததால் அந்த விளைச்சல் உயர்வைப் பார்க்கமுடியவில்லை. 2023-ல் தாவர மரபியலாளர்கள் சிலர் 'நேச்சர்' இதழில் வெளிப்படையாகவே எழுதினார்கள். சின்னப் பாத்திகளில் ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள், பல ஊர்களில், பல வருடம், விவசாயி பயிரிடும் ரகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். இலை அதிகமாகச் சர்க்கரை செய்தால் மட்டும் போதாது. தண்ணீர் வேண்டும், தழைச்சத்து வேண்டும், செய்த சர்க்கரை தானியத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதும் நியாயமான கேள்விதான்.

கவனித்தீர்களா? 2002-ல் உமியோ வயல் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான். லேப்பில் வாங்கும் மார்க் வேறு, வயலில் வாங்கும் மார்க் வேறு.

நம் நாட்டிலும் வண்டி கிளம்பிவிட்டது. வெளி டி.என்.ஏ. இல்லாத சில வகைத் திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களின் கடும் விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. 2025 மே மாதம் கமலா, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்று இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் திருத்தியது ஒளி மரபணுக்களை அல்ல. மணி பிடிப்பு, உப்பு மற்றும் வறட்சி தாங்குதல் சம்பந்தப்பட்டவற்றை. ஆன்டெனா மரபணுக்களின் முறை வரும்போது, 'பல ஊரில் பார்த்தீங்களா? எத்தனை வருஷம்?' என்று கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கவேண்டும். சாப்பிடப்போவது நாம்தானே!

நீங்களே செஞ்சு பாருங்க!

பச்சையம் ஒளியைத் திருப்பித் தருவதைக் கண்ணால் பார்க்க ஆசையா? ஒரு கைப்பிடி பசலைக் கீரையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நன்றாக இடித்துக்கொள்ளுங்கள். அது மூழ்கும் அளவுக்கு ஸ்பிரிட் ஊற்றி அரை மணி நேரம் மூடி வையுங்கள். காபி வடிகட்டும் துணியிலோ ஃபில்டர் பேப்பரிலோ வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் எடுங்கள். கரும்பச்சை நீர் ரெடி. அறையை இருட்டாக்கிவிட்டு, ரூபாய் நோட்டு செக் பண்ணும் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடியுங்கள். பச்சை நீர் ரத்தச் சிவப்பாக மின்னும்! ஆன்டெனாப் புரதத்தைப் பிரிந்து தனிமையில் தவிக்கும் பச்சையம் விடும் பெருமூச்சு அது. உயிருள்ள இலையும் இதே சிவப்பை ரொம்ப மங்கலாக விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுமினுப்பைக் கேமராவில் பிடித்துத்தான் வால்வு பழுதான செடிகளைப் பெர்க்லியில் கண்டுபிடித்தார்கள்.

ஜாக்கிரதை: ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு பக்கம் போகவே கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள்.

யார் படிக்கலாம்?

இந்தக் கதையில் வந்தவர்களை ஒருமுறை எண்ணிப்பாருங்கள். இயற்பியலுக்கு வந்து பாசியில் மாட்டியவர், புரதத்தை எக்ஸ்-ரே எடுத்தவர்கள், மின்மினி மரபணுவையும் கேமராவையும் சேர்த்தவர்கள், வயலில் குனிந்து விதை எண்ணியவர்கள், கம்ப்யூட்டரில் இழப்பைக் கணக்குப் போட்டவர்கள். இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அலகாபாத்தில் தாவரவியல் படித்துவிட்டு, எமர்சனிடம் ஆராய்ச்சி செய்ய 1956-ல் இல்லினாய்க்குப் போன கோவிந்தஜி. இனிஷியல்கூட இல்லாத ஒற்றைப் பெயர். ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சியில் உலகம் முழுக்க மரியாதையோடு உச்சரிக்கப்படும் பெயர் அது.

பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அக்ரி... எதைப் படித்தாலும் இந்த இலைக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. ஏற்கெனவே பாட்டனியில் இருப்பவருக்கோ மெயின் கேட்டே திறந்திருக்கிறது. அதனால், அடுத்த முறை யாராவது 'பாட்டனியாவது' என்று ஆரம்பித்தால் கோபப்படாதீர்கள். 'இந்த இலைக்குள்ள எத்தனை ஆன்டெனா இருக்கு சொல்லுங்க பார்ப்போம்!' என்று ஒரு முருங்கை இலையைக் கையில் கொடுங்கள். பதில் வராது. அப்புறம் நீங்கள் சொல்ல ஆரம்பிக்கலாம்!